தரையிலிருந்து எழுந்திருப்பது

பாராமட்டா, சிட்னி
14.07.2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். முழங்கால் வலியால் பிரதோஷத்துக்குப் போனாலும் நாற்காலி தேட வேண்டியிருக்கிறது என்றாய். அன்றிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே நல்ல குளிர். விடியற்காலையில் நாலைந்து டிகிரிதான், வெளிச்சம் வர ஏழு மணியாகிறது. அந்த இருட்டில் வாரம் மூன்று நாள் ஐந்தரை மணி உடற்பயிற்சி வகுப்புக்குப் போய் குதித்து, தூக்கி, தள்ளி வியர்த்துவிட்டு வருகிறேன். எட்டு மாதம் ஆகிறது. பாதியில் நிறுத்திவிடுவேனோ என்ற பயத்தில் உன்னிடம் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் தோட்டின் திருகாணி கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. தரையில் உட்கார்ந்து தேடி எடுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினால் மணிக்கட்டு வலிக்கிறது, காலை ஊன்றினால் தொடை நடுங்குகிறது. கடைசியில் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தேன். 47 வயதில்! ஆச்சி எண்பதிலும் சம்மணம் போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டு, முறத்தைக் கையில் வைத்தபடியே எழுந்து போவாளே, நினைவிருக்கிறதா?

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன் அல்லவா, அதனால் எனக்குப் பயம் கூடுதல். அங்கே ஒரு அம்மா, தனியாக இருந்த வீட்டுச் சமையலறையில் விழுந்து இரவு முழுக்கத் தரையிலேயே கிடந்தவர். எலும்பு எதுவும் முறியவில்லை. எழுந்திருக்கப் பலம் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சொந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

மறுவாரமே டாக்டரிடம் போனேன். 45 முதல் 49 வயதுக்குள், நீண்டகால நோய் வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு மூலம் ஒருமுறை முழுப் பரிசோதனை இந்த நாட்டில் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததைச் சொன்னதும் எனக்கும் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம். இடுப்பு 91 சென்டிமீட்டர்; நம் ஊர்ப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "உடற்பயிற்சி வகுப்புக்குத் தாராளமாகப் போ, மெதுவாக ஆரம்பி" என்றார் டாக்டர்.

வகுப்பு ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில். சுவரில் பெரிய கடிகாரம். 40 விநாடி முழு மூச்சாகச் செய்ய வேண்டும், 20 விநாடி நின்று மூச்சு வாங்க வேண்டும், மணி அடித்ததும் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஓரிடத்தில் துடுப்பு இழுக்கும் மெஷின். இன்னோரிடத்தில் கெட்டில்பெல், பெரிய பூட்டு மாதிரி கைப்பிடி வைத்த இரும்பு. ஸ்குவாட் என்பது நம் தோப்புக்கரணம்தான், காதைப் பிடிப்பதில்லை. பர்ப்பி என்று ஒன்று: நின்ற இடத்தில் குனிந்து, கையை ஊன்றி, தரையில் நீளமாகப் படுத்து, மறுபடி எழுந்து குதிக்க வேண்டும். நான் பயந்த காரியத்தையே 40 விநாடிக்குத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள். முதல் மாதம் தரைக்குப் போகாமல் ஒரு பெட்டிமேல் கை ஊன்றித்தான் செய்தேன்.

இப்படி விட்டு விட்டுச் செய்வதில் பலன் இருப்பதை 1996-லேயே ஜப்பானில் தபாட்டா என்ற ஆராய்ச்சியாளர் அளந்து காட்டியிருக்கிறார். 20 விநாடி கடும் வேலை, 10 விநாடி ஓய்வு, எட்டுச் சுற்று, மொத்தம் நாலே நிமிடம். ஆனால் அவர் வைத்துப் பார்த்தது விளையாட்டுப் பயிற்சி எடுத்த இளைஞர்களை. நம் வயதுக்கு ஓய்வு அதிகம் வேண்டும். 220-இல் வயதைக் கழித்தால் நாடித்துடிப்பின் உச்சம் தோராயமாகக் கிடைக்கும், எனக்கு 173. கடினமான சுற்றில் 150-ஐத் தொடுகிறேன். அப்போது இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வராது.

இனி சொல்லப்போவதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டாவது வாரம் கயிறு தாண்டும்போது சிறுநீர் கசிந்துவிட்டது. இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. பேசாமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன், இனிமேல் வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்துப் பாயில் செய்கிற லெபனான்காரப் பெண்மணி, 63 வயது, பின்னாலேயே வந்து கண்ணாடியைத் தட்டினார். "எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதற்கென்றே பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், நம்பர் தருகிறேன்" என்றார். அக்கா, இருபது வருஷமாக இருமும்போதும் தும்மும்போதும் காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இது பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்றே நினைத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே தொட்டில் மாதிரி தாங்குகிற தசைகளை இறுக்கி மேலே இழுத்து, முழுசாகத் தளர்த்துகிற பயிற்சி கொடுத்தார்கள். குதிப்பதை நாலு மாதம் தள்ளி வைத்தேன். இப்போது கசிவு இல்லை. உனக்கும் இருந்தால் தயவுசெய்து மறைக்காதே, டாக்டரிடம் சொல்.

ஒரு தப்பும் செய்தேன். ஆர்வத்தில் ஒரு வாரம் தொடர்ந்து ஐந்து நாள் போய், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பத்து நாள் நொண்டினேன். தசை பலப்படுவது ஓய்வு நாளில்தான். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளியோடு சரி.

எடை இரண்டு கிலோதான் குறைந்தது. சர்க்கரை 5.7-க்கு வந்துவிட்டது, இடுப்பு 85. முந்தாநாள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்தேன். முடித்ததும் அடுக்கிய துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டே எழுந்துவிட்டேன். எதையும் பிடிக்கவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை செய்து காட்டினேன்.

நீ குதிக்க வேண்டாம். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறாய், முதலில் டாக்டரிடம் கேட்டு ஒரு இசிஜி எடு, முழங்காலையும் காட்டு. அவர் சரி என்றால் இரண்டே காரியம். ஒன்று, கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார். முதலில் ஐந்து தடவை, அப்புறம் எட்டு, பத்து. முடியாவிட்டால் கையை ஊன்றிக்கொள். இன்னொன்று, மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, மாற்றி மாற்றி ஐந்து சுற்று நடை. இதை ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் நம்மைப் போன்ற வயதுக்காரர்களையும் பெரியவர்களையும் வைத்தே பார்த்திருக்கிறார்கள். தொடை பலமும் கூடுகிறது, பிரஷரும் இறங்குகிறது. நம் நெல்லை டவுன் வாகையடி முனையில் வண்டி நெரிசல் தொடங்குமுன் ரத வீதியில் நடந்துவிடு. வெறும் வயிற்றில் போகாதே. நெஞ்சு கனத்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிடு.

தனியாகப் போகாதே. மேல வீட்டு மதினியையும் கூட்டிக்கொள். நான் ஒரு நாள் போகாவிட்டால் ஆறரை மணிக்கு அந்த லெபனான்கார அம்மாவிடமிருந்து "எங்கே?" என்று செய்தி வரும். அதற்காகவே பாதி நாள் எழுந்து போயிருக்கிறேன்.

இசிஜி எடுத்ததும் அத்தானை விட்டு எனக்குப் படம் அனுப்பச் சொல். மார்கழியில் வருகிறேன். அதற்குள் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று வாரா வாரம் எழுது.

அன்புத் தங்கை