காவல் நிலைய வாசலுக்கு உள்ளே

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். சீர்திருத்தச் சட்டங்களால் காவல் நிலையத்தில் உண்மையில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எழுத்தராகத் தொடங்கி உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் என்பதால், என் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் பணியாற்றியது 1859ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டத்தின் கீழ் என்பதை நீங்கள் அறிவீர்கள். உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் காவல்துறைத் தலைவர் பிரகாஷ் சிங் 1996இல் தொடுத்த வழக்கில் பத்தாண்டுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு இரண்டாண்டுப் பணிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்குப் பணியையும் பிரித்தல், காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் புகார் ஆணையம் ஆகியவற்றை எண்ணி மிகவும் நம்பிக்கை கொண்டேன். 2013இல் நம் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் புகார் ஆணையம் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்க, நம் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவர்களாக்கி, காவல் உயரதிகாரிகளையே உறுப்பினர்களாக அமர்த்தியது. காவலர் மீது புகார் சொல்ல வருபவர், அந்தக் காவலரின் மேலதிகாரி முன்னால்தான் நிற்க வேண்டும். இது எனக்கு இன்றளவும் வருத்தம் தருகிறது.

அதற்கு மாறாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நிலையத்தின் அன்றாட வேலையையே தொட்டிருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்ப வேண்டும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றமானால் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். எல்லை தங்களுடையதல்ல என்று சொல்லிப் புகார்தாரரைத் திருப்பி அனுப்ப முடியாது. எல்லைத் தகராறில் இரவு முழுவதும் நிலையம் நிலையமாக அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு விதியை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் பந்தோபஸ்துக்குப் போய்த் திரும்பிய அதே காவலர்தான் இரவில் அந்த ஒலி ஒளிப் பதிவையும் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வேலை கூடியது, ஆள் கூடவில்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். புலனாய்வுக்கென்று தனி ஆட்களை ஒதுக்கும் 2006ஆம் ஆண்டின் ஆணை முழுமையாக நிறைவேறியிருந்தால், இந்தச் சுமையைத் தாங்க ஒரு தோள் இருந்திருக்கும். காவல் நிலையக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்ற ஆணையும், கேமராவைப் பழுது பார்ப்பதற்கு நிலையத்தில் பொறுப்பானவர் இருந்தால்தான் பயன் தரும்.

நீங்கள் வழக்கறிஞர் என்பதால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சோதனைப் பதிவுகளை உங்கள் நீதிமன்றத்தில் நடுவர்கள் போட்டுப் பார்க்கிறார்களா, அல்லது அவை கோப்பிலேயே கிடக்கின்றனவா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்