பாப்பாவுக்கு, ஸ்லைடு விஷயமாக

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பவர்பாயிண்ட் ஃபைல் வந்தது, திறந்தும் பார்த்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஞாயிற்றுக்கிழமை ரிங் போய்க்கொண்டே இருந்தது, நீ எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருந்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று அம்மா கேட்டாள். பெங்களூரில் இப்போதெல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மெயில் என்றால் உனக்கும் சௌகரியம், நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம், உடனே பதில் போட்டே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் போடு.

ஃபைல் ரொம்ப நன்றாக இருக்கிறது. ஒரு ஸ்லைடில் ஒரு விஷயம், எழுத்து பெரிசு, கலர் கண்ணை உறுத்தவில்லை. ரிட்டையர் ஆன ஆளை இந்த உழவர் உற்பத்தியாளர் குழுக்காரர்கள் நெல் ரகங்களைப் பற்றிப் பேசக் கூப்பிடுவதே பெரிசு, அங்கே போய் ஒரே ஸ்லைடில் பதினைந்து வரியைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்து ஒப்பிக்கக்கூடாது என்றுதான் மாதிரிக்கு உன்னுடையதைக் கேட்டேன். எதிர்வீட்டு சாரிடம் காட்டினேன். "பொண்ணு போட்டதா?" என்றார். ஆமாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முதல் நாலைந்து ஸ்லைடுதான் காட்டினேன், முழுசும் காட்டவில்லை.

போன தடவை வந்தபோது நீ சொல்லிக்கொடுத்த கண்ட்ரோல் டி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. இதுவரை ஒவ்வொரு நெல் ரகத்துக்கும் புது ஸ்லைடு எடுத்து, பெட்டி வரைந்து, எழுத்தைப் பெரிதாக்கி, முதல் ஸ்லைடில் என்ன பச்சை போட்டோம் என்று தேடி, அதற்குள் காபி ஆறிவிடும். இப்போது ஆடுதுறை 43-க்கு ஒரே ஒரு ஸ்லைடை ஒழுங்காகச் செய்து, இடதுபக்கப் பட்டியில் அதைத் தொட்டு கண்ட்ரோல் டி அடித்தால் அதே மாதிரி இன்னொன்று கீழே வந்து உட்காருகிறது. தலைப்பையும் படத்தையும் மாற்றினால் ஆடுதுறை 36. இன்னொரு தடவை அடித்தால் அம்பை 16, அப்புறம் சி.ஆர். 1009. கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மேல் அம்பு, கீழ் அம்பு அழுத்தினால் ஸ்லைடு ஒவ்வொரு இடமாக ஏறி இறங்குகிறது, மவுஸால் இழுத்து எங்கேயோ போட்டுவிட்டுத் தேடுகிற வேலை இல்லை. இதை நீ சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

ஆனால் எல்லாமே சேர்ந்து வருகிறது பாப்பா, அங்கேதான் கவனம் வேண்டும். படம் வருகிறது, அனிமேஷன் வருகிறது, கீழே நமக்காக எழுதிவைத்த நோட்ஸும் வருகிறது. ஒரு கூட்டத்தில் ஒருத்தர் போட்ட ஸ்லைடில் மேலே ஆடுதுறை 43, கீழே வயது 160 நாள். சி.ஆர். 1009 ஸ்லைடை நகல் எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். பின்வரிசைப் பெரியவர் ஒருத்தர் எழுந்து, "அய்யா, இது குறுவையா சம்பாவா, தீபாவளிக்கு முந்தி அறுக்கலாமா கூடாதா?" என்று கேட்டுவிட்டார். ஆடுதுறை 43 குறுவை ரகம், 110 நாள்தான், 160 நாள் சம்பா ரகமான சி.ஆர். 1009-க்கு. ஜூனில் விதைக்கிறவன் 160 நாள் என்று நம்பிக் கணக்குப் போட்டால் அறுவடை ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து நிற்கும், அதைக் கேட்டு எவன் குறுவை போடுவான்? சொல்கிறேன் என்று நினைக்காதே, நகல் எடுத்ததும் முதலில் நோட்ஸைப் பார், அப்புறம்தான் தலைப்பு. பழையது எதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடாது.

ஸ்லைடு சார்ட்டர் என்று ஒரு வியூ இருக்கிறதே, எல்லா ஸ்லைடையும் சின்னச் சின்னதாகப் பரப்பிக் காட்டுமே, அதைத் திறந்தபோது எனக்கு டிபார்ட்மெண்ட் ஞாபகம் வந்துவிட்டது. பவர்பாயிண்ட் 1987-லேயே மேக்கிண்டாஷுக்கு வந்துவிட்டதாம். நாங்கள் அப்போது ஜீப்பில் ப்ரொஜெக்டரையும் 35 எம்.எம். ஸ்லைடுத் தட்டையும் வைத்துக்கொண்டு ஒரத்தநாடு, பேராவூரணி என்று போய்க்கொண்டிருந்தோம். உள்ளே டியூப்லைட் எரிகிற கண்ணாடிப் பெட்டிமேல் ஸ்லைடுகளைப் பரப்பி வைத்து எது முன்னால் எது பின்னால் என்று மாற்றி மாற்றி அடுக்குவோம். தட்டில் ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செருக வேண்டும், அதற்காகச் சட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி வைத்திருப்போம், எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் தெரிந்தால் சரி. ஒரு ஸ்லைடுக்கு நகல் வேண்டுமென்றால் ஸ்டுடியோவில் கொடுத்துத் திரும்பப் படமெடுக்க வேண்டும், கலர் கொஞ்சம் மாறித்தான் வரும், காசும் கேட்டு வாங்கவேண்டும். இந்தச் சார்ட்டரில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வேண்டியதை மட்டும் தொட்டு, மொத்தமாக இழுத்து முன்னால் போட முடிகிறது. இதெல்லாம் உனக்கு வெறும் பட்டன். உட்கார்ந்து ஒரு மணி நேரம் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டினாள்.

வரிசைதான் எல்லாமே. மன்னார்குடியில் பம்புசெட்காரர்கள் நிறைய, ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கட்டும் என்று எல்லோரும் காத்திருப்பதில்லை, அவர்களுக்குக் குறுவை ரகங்களிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாயின் கடைமடை, தண்ணீர் வந்துசேரவே நாளாகும், அங்கே போய்க் குறுவையில் ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள், சம்பாவும் சி.ஆர். 1009-ம் முன்னால் வரவேண்டும். இதற்காக ஒரே ஃபைலை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் திருத்தி இன்னொன்றில் திருத்த மறந்து, மண்டை காய்ந்துவிட்டது. அப்புறம்தான் கஸ்டம் ஷோ என்று ஒன்று கண்ணில் பட்டது. ஃபைல் ஒன்றுதான், மன்னார்குடி என்று ஒரு வரிசை, பட்டுக்கோட்டை என்று ஒரு வரிசை, பேர் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், ஒரு இடத்தில் திருத்தினால் இரண்டிலும் திருந்திவிடும். நீயும் ஆபீஸில் இப்படிச் செய்துகொள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நகல் எடுத்தால் எதில் என்ன கிடக்கிறது என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. உன் ஃபைலை ஒரு தாளுக்கு ஆறு ஸ்லைடு என்று கடைவீதியில் பிரிண்ட் எடுத்தேன், கையில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஸ்லைடு ஷோவில் ஓடாத ஒரு ஸ்லைடு அதில் வந்திருந்தது. ஹைட் பண்ணி வைத்திருக்கிறாய் போலிருக்கிறது, சார்ட்டரில் பார்த்தால் அதன் நம்பர் மேல் கோடு அடித்து மங்கலாகத் தெரிகிறது. ஹைட் பண்ணினால் ஷோவில்தான் தெரியாது, ஃபைலில் அப்படியேதான் இருக்கும், பிரிண்ட் பகுதியில் மறைத்த ஸ்லைடையும் அச்சிடு என்று ஒரு டிக் இருக்கிறது, அதை எடுக்காவிட்டால் தாளிலும் வந்துவிடும். பழைய ஃபைலை நகல் எடுத்து எனக்காகச் சரிசெய்து அனுப்பியிருப்பாய், அவசரத்தில் இது நின்றுவிட்டிருக்கும்.

நான் அதைப் படிக்கவில்லை. இடதுபக்கம் உன் பேர், வலதுபக்கம் வேறு யாரோ இரண்டு பேர் பேர், நடுவில் இந்த மாசக் கடைசித் தேதி, அவ்வளவுதான் கண்ணில் பட்டது. ஆபீஸில் ஆயிரம் இருக்கும். நாங்களும் பொறுப்பை விடும்போது சார்ஜ் லிஸ்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தவர்கள்தான், டிரான்ஸ்பருக்கும் எழுதுவோம், ப்ரமோஷனுக்கும் எழுதுவோம். அதனால் நான் கேட்கவில்லை. அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன், அம்மா மீதித் தாள்களைத்தான் பார்த்தாள். மாப்பிள்ளைக்கும் போன் பண்ணவில்லை. அவருக்குத் தெரிந்த விஷயமா என்று எனக்குத் தெரியாதபோது நான் எதைப் பேச?

வெளியே யாருக்கும் ஃபைல் அனுப்புவதற்கு முன்னால் ஒருதடவை சார்ட்டரில் போட்டுக் கோடு அடித்த நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நோட்ஸையும் பார்த்துக்கொள். முன்னாடியே சொல்லிவிட்டேனோ, சரி, இன்னொரு தடவை சொன்னால் தப்பில்லை. நீ ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி மார்க் ஷீட்டை எங்கே வைத்தாய் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதைக் குத்திக்காட்டவில்லை. அந்த வயதில் மறைத்தாய், சரி. இப்போது உனக்கு லோன் இருக்கிறது, ஃப்ளாட் இருக்கிறது, அந்த ஃப்ளாட் வேண்டாம், கொஞ்சம் பொறு என்று நான் சொன்னபோது அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றாய். போகட்டும். வாங்கியது வாங்கியாயிற்று, நல்ல இடம், தண்ணீர் வசதி இருக்கிறது, நான் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

பெரியத்தை வந்திருந்தாள், வழக்கம்போல எல்லாம் பேசிவிட்டுப் போனாள், கோர்ட் கேஸ் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பொங்கலுக்கு நீ வராததைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை, ஆனால் ஊறுகாய் ஜாடியை எடுத்துவைத்துவிட்டு யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறாள்.

போஸ்ட் ஆபீஸில் என்னுடைய சீனியர் சிட்டிசன் டெபாசிட் ஐந்து வருஷம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கலாம் என்று ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள், நான் நிரப்பவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பென்ஷனே போதும், இந்தப் பணத்துக்கு இங்கே ஒரு செலவும் இல்லை. நீட்டிக்கட்டுமா, இல்லை எடுத்து உன் கணக்கில் போடட்டுமா? எதற்கு, ஏன் என்று எதுவும் எழுதவேண்டாம். நீட்டு, இல்லாவிட்டால் எடு, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எழுது, அது வரும்வரை ஃபாரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

அப்பா