பூவைப் புத்தகத்தில் வைத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உலர்ந்த பூக்களை ஒட்டி வாழ்த்து அட்டை செய்யும் பழக்கம் பரவுவது மகிழ்ச்சி. ஆனால், 'புத்தகத்துக்குள் வைத்து மூடுங்கள்' என்பதோடு செய்முறையை முடித்துவிடுகிறார்கள். சில நாளில் பூஞ்சணம் பூத்து, ஆசையாக வைத்த குழந்தையின் முகம் வாடிவிடுகிறது.

காரணம் ஈரம்தான். பனி முழுதும் காய்ந்த பிறகே பறிக்க வேண்டும். வழவழப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது, செய்தித்தாள் உறிஞ்சும். மை ஒட்டாமலிருக்க, பூவின் இருபுறமும் வெள்ளைத்தாள் வையுங்கள். முதல் 3 நாள் தினமும் தாளை மாற்றியே ஆக வேண்டும். பிறகு கனம் ஏற்றி, 2 அல்லது 3 வாரம் தொடாமல் விடலாம். ரோஜா போன்ற அடுக்குப் பூக்களை இதழ் இதழாகப் பிரித்து வையுங்கள். முழுதாக வைத்தால் தடித்த நடுப்பகுதி காய்வதற்குள் அழுகிவிடும்.

நன்கு காய்ந்த இதழைத் தூக்கினால் காகிதம்போல் விறைத்து நிற்கும். துவண்டால் ஈரம் மிச்சமிருக்கிறது. சிவப்பு பெரும்பாலும் கருத்துப்போகும், மஞ்சள் தாக்குப்பிடிக்கும். பசையைப் பல்குச்சி நுனியால் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். தாராளமாகத் தடவினால் இதழ் ஊறி, அட்டையும் நெளிந்துவிடும். முடித்ததை நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்