வித்தை என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள்

கென்யாவுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நம்மூர் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அங்கே நன்யுகி ஊரில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 6,389 அடி உயரம் என்று எழுதிய பூமத்திய ரேகைப் பலகையின் முன்னால் குழு குழுவாக இறக்கிவிடுகிறவர்களே நீங்கள்தான். பூமி சுழல்வதால் கோட்டுக்கு வடக்கே தண்ணீர் ஒரு பக்கமாகவும் தெற்கே மறு பக்கமாகவும் சுற்றி இறங்குகிறது என்று அங்கே காட்டுகிறார்கள். உங்கள் துண்டறிக்கையில் அந்த இடத்துக்கு 'அறிவியல் அதிசயம்' என்று பெயர். அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் குழுவுக்குக் காட்டியவர் நல்ல மனிதர். கையில் ஒரு குடம் தண்ணீர், அடியில் ஓட்டை போட்ட கிண்ணம், இரண்டு தீக்குச்சி. ஓட்டையை விரலால் அடைத்தபடி கோட்டுக்கு வடக்கே இருபது எட்டு வைத்து நடந்தார். நின்றதும் சட்டென்று வலது பக்கமாகத் திரும்பி எங்களைப் பார்த்தார், விரலை எடுத்தார். தண்ணீரில் மிதந்த தீக்குச்சி கடிகார முள் போல வலமாகச் சுற்றியது. தெற்கே போனார், இடது பக்கமாகத் திரும்பினார், குச்சி இடமாகச் சுற்றியது. கோட்டின் மேல் நின்றபோது திரும்பவே இல்லை. தண்ணீர் நேராக இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு வேறெங்கும் கண் போகாது. அவர் திரும்பும் வேகத்தில்தான் கிண்ணத்துத் தண்ணீர் சுழலத் தொடங்குகிறது.

பூமியின் சுழற்சி காற்றையும் கடலையும் திருப்புவது உண்மை. ஆனால் அந்த விளைவு பூமத்திய ரேகையில் பூஜ்யம். விலகிப் போகப் போகத்தான் வளரும். இருபது எட்டு தூரத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரை அது அசைக்கவே அசைக்காது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷாப்பிரோ என்ற பேராசிரியர் இதைச் செய்து பார்த்தார். அதுவும் 42 டிகிரி வடக்கில். ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, அப்புறம்தான் திறந்தார். கடைசியில் மெல்ல இடமாகச் சுற்றியது. ஆமாம், இடமாக. வங்கக் கடல் புயலும் இடமாகத்தான் சுற்றுகிறது. உங்கள் அதிசயத்தில் வடக்கே வலமாகச் சுற்றுகிறதே, பொய்யையாவது சரியான திசையில் சொல்லக் கூடாதா?

இதையெல்லாம் அன்று இரவே என் பேத்தியிடம் சொன்னேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, நீங்க புத்தகத்துல படிச்சீங்க. நான் கண்ணால பார்த்தேன்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. 'புத்தகத்தை அப்படியே நம்பாதே, செய்து பார், கண்ணால் பார்' என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவன் நான். மதுரைக்குத் திரும்பியதும் குளியலறைத் தொட்டியில் பத்து தடவை தண்ணீர் திறந்து காட்டினேன். ஆறு தடவை ஒரு பக்கம், நான்கு தடவை மறு பக்கம். "நம்ம வீடு என்ன பூமத்திய ரேகையிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பூமத்திய ரேகைக்கு வந்ததற்கென்று அங்கே அவள் பெயரைத் தப்பாக எழுதிக் காசுக்குக் கொடுத்த சான்றிதழ் இப்போது சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் கிண்ணம் தயார்.

கிண்ணம் பிடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அது அவர் பிழைப்பு. நம்மூர்த் திருவிழாவில் செப்பிடு வித்தை காட்டுகிறவருக்கும் காசு போடுகிறோம். அவர் அதை அறிவியல் என்று சொல்வதில்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: வித்தை என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள். அப்போதும் கைதட்டுவோம், அப்போதும் காசு கொடுப்போம்.

அதிசயம்தான் வேண்டுமென்றால் அங்கே பஞ்சமா? எங்கள் ஓட்டுநர் காலை ஏழு மணியைச் 'சா மோஜா' என்றார், அதாவது ஒரு மணி. சுவாஹிலியில் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் ஊரில்தான் அந்தக் கணக்கு பிசகாது. உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கசக்குமா? மதுரையில் பத்து டிகிரி உயரத்தில் தெரியும் துருவ நட்சத்திரம் அங்கே அடிவானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இதைக் காட்ட ஒரு செலவும் இல்லை. ஆனால் உங்கள் நிகழ்ச்சி நிரலில் பூமத்திய ரேகைக்கு இருபது நிமிடம், மரச் சிற்பக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். அந்தக் கடையில் தண்ணீர் எந்தப் பக்கம் சுற்றியதோ தெரியாது, எங்கள் பணம் மட்டும் ஒரே பக்கமாகப் போனது.

மன்னிக்கவும், கடைப் பேச்சு இங்கே எதற்கு? உணவு, தங்குமிடம், வண்டி எதிலும் குறையில்லை. மூன்றாம் நாளும் தயிர் சாதம் கிடைத்தது. அடுத்த குழுவுக்கு அச்சடிக்கும்போது 'அறிவியல் அதிசயம்' என்பதை எடுத்துவிட்டு 'தண்ணீர் வித்தை' என்று போடுங்கள். வண்டியிலிருந்து இறங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை, 'அவர் தோளைக் கவனியுங்கள்' என்று சொல்லச் சொல்லுங்கள். தயவுசெய்து, வித்தை என்று சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

முடிந்தால் என் பேத்திக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மதுரை