அடிமரத்தைச் சுற்றி மண் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் தெருவுக்குத் தெரு பசுமை வேண்டும் என்று பேசுவது குன்னூரில் இருக்கும் எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதென்று எதையாவது நட்டுவிட வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து இங்கே வந்த சீகை மரம் (வாட்டில்; தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல) எங்கள் புல்வெளிகளை எப்படி விழுங்கியது என்று இன்றும் பார்க்கிறோம். வேம்பு, புங்கன், பூவரசு என்று சென்னை மண்ணுக்குப் பழகிய மரங்களே போதும். 2016 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்த ஊர் அது, அதனால் எதை நடுகிறோம் என்று யோசித்து நட வேண்டும்.

அப்புறம், நடைபாதைக்குக் கல் பதிக்கும்போது அடிமரத்தை ஒட்டியே சிமென்ட் பூசிவிடுகிறார்கள், மழைத் தண்ணீர் இறங்க ஒரு விரல் அளவு மண்கூட இல்லை, பிறகு வேர் எப்படிப் பிடிக்கும்? சுற்றிலும் மூன்றடியாவது மண்ணாக விடச் சொல்லி மாநகராட்சி உத்தரவு போட வேண்டும்.

ஒரு வாசகர்,
குன்னூர்.