எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குச் சிரிப்புப் படக்கதை வேண்டும்: மலேசியத் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே, சிறுவர் எழுத்தாளர்களே, ஓவியர்களே,

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் முதலாம், இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிள்ளை தானே வாசித்து, தானே சிரிக்கிற மாதிரி சின்னச் சின்னப் படக்கதைப் புத்தகங்கள் போடுங்கள்.

கோலாலம்பூர் புத்தகக் கண்காட்சியில் மலாய் காமிக்ஸ் கடைகளைப் பிள்ளைகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரே நாளில் வந்ததல்ல. 1978இல் கிலா-கிலா என்ற மலாய் நகைச்சுவை இதழ் வந்தது. அடுத்த ஆண்டே கேலிச்சித்திரக்காரர் லாட் தம் கம்பத்து (கிராமத்து) இளமைக்காலத்தைப் படக்கதையாக்கினார். நம் வீடுகளிலும் அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் இருந்தன. ஆனால் அவை சரளமாக வாசிப்பவர்களுக்கானவை.

தமிழில் எழுத்துகள் 247. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று பார்த்துப் பார்த்து வாசிக்கும் பிள்ளை, ‘நடந்துகொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லைத் தாண்டுவதற்குள் வரியின் தொடக்கத்தை மறந்துவிடும். படக்கதைக்கு அந்தச் சொல்லே வேண்டாம், நடப்பதைப் படம் காட்டிவிடும். பேச்சுக் குமிழுக்குள் ‘வா!’, ‘எங்கே?’, ‘ஐயோ, என் செருப்பு!’ போதும். அதே சொல் பெரிய எழுத்தில் வந்தால் கத்துகிறான், பொடி எழுத்தில் வந்தால் முணுமுணுக்கிறான் என்று யாரும் சொல்லாமலே புரியும். பாத்திரங்கள் இரண்டே இருந்தால் அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நடித்தே வாசிப்பார்கள். சிரிப்பு வந்த பக்கத்தைப் பிள்ளை திரும்பத் திரும்பப் புரட்டும், அப்படித்தான் வாசிப்பு ஓட்டமாகிறது.

குமிழுக்குள் ‘போறேன்’ வரலாமா என்ற சண்டை நமக்குள் உண்டு. தொடக்கத்தில் ‘போகிறேன்’ என்றே இருக்கட்டும், பள்ளியில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அச்சச்சோ, டமால், தொபுக்கடீர் இவற்றுக்குத் தடை போடாதீர்கள்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் நீதி வேண்டாம். பூனை மீனைத் திருடப் போய்த் தொட்டிக்குள் விழுந்தது, அவ்வளவுதான் கதை. ‘ஆகவே பிள்ளைகளே’ என்று தொடங்கினால் சிரித்த சிரிப்பும் போய்விடும். நன்னெறிக்குப் பள்ளியில் தனிப்பாடமே இருக்கிறது.

சொல் குறைவு என்பதால் எழுதுபவரின் ஊதியத்தைக் குறைக்காதீர்கள். 1957இல் அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸ் ஆங்கிலத்தில் எழுதிய தொப்பிப் பூனைக் கதையில் மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள்தாம். அந்தச் சிறிய பட்டியலுக்குள் எதுகையோடு கதை சொல்ல எவ்வளவு அடித்துத் திருத்த வேண்டும் என்பது எழுதுபவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், கதை நம் ஊரில் நடக்கட்டும். அடுக்குமாடி வீட்டில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட், மாமாக் உணவுக்கடை மேசைக்கடியில் பூனை, பத்துமலைப் படியில் தேங்காயைப் பறித்துக்கொண்டு ஓடும் குரங்கு. இவற்றில் இல்லாத சிரிப்பா?

அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியை ஒரு முதலாம் ஆண்டு வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். எங்கே தடுக்குகிறதோ அங்கே சொல்லை மாற்றுங்கள். யாருமே சிரிக்கவில்லை என்றால் கதையையே மாற்றுங்கள். புத்தகம் வந்ததும் சொல்லுங்கள். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, வகுப்புக்கு வகுப்பு வாங்க வைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் தாய்,
செந்தூல், கோலாலம்பூர்