31ஆம் நாளில் எழுதாமல் விட்ட நன்றி மடல்

எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்த எல்லோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம்.

இந்த மடல் 2021ஆம் ஆண்டு, என் கணவர் இறந்த 31ஆம் நாள் நினைவில் வந்திருக்க வேண்டும். அவர் ஆகஸ்ட் கடைசியில் கொரோனாவில் போனார். 31 வந்தபோதும் நாடு ஊரடங்கில்தான் கிடந்தது. சேர்ச்சும் பூட்டு, அச்சகமும் பூட்டு. பிறகு வயிற்றுப்பாடு பார்க்கவே நேரம் சரியாகப் போனது. ஆனாலும் இந்தக் கடன் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அவரை அடக்கம் செய்தவர்களுக்கு.

கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்ற சட்டம் 2021 பெப்ரவரி கடைசியில் மாறியது. புதைக்கிறதென்றால் ஓட்டமாவடி, சூடுபத்தினசேனையில்தான் என்றார்கள். நாடெங்கும் இருந்து கொண்டுவந்து 3,000 பேருக்கு மேல் அந்த மண்ணில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அதிகமானோர் முஸ்லிம்கள். எங்களைப் போன்ற வேதக்காரரும் (கிறிஸ்தவர்களும்), மற்றவர்களும் அங்கே படுத்திருக்கிறார்கள். எனக்கும் நோய் இருந்ததால் வீட்டை விட்டு அசைய முடியவில்லை. என் அண்ணன் மகன்தான் கூடப் போனான்.

அவன் வந்து கேற்றுக்கு வெளியே நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நல்ல உச்சி வெயில். குழி வெட்டிய ஆட்கள் தலையில் இருந்து கால் வரை பிளாஸ்டிக் உடுப்புக்குள் நின்றார்கள். பெட்டியை இறக்கியதும் அவர்களில் வயதான ஒருவர், "இவரு வேதக்காரரா தம்பி? உங்கட ஜெபத்தச் சொல்லுங்க, நாங்க நிக்கம்" என்றாராம். இவன் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினான். சின்ன வயதில் இருந்து சொல்லுகிற ஜெபம், பாதியில் மறந்துபோனது. திரும்ப முதலில் இருந்து தொடங்கினான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. உடுப்புக்குள் வியர்வை வழிய, தலை குனிந்தபடி, அவன் ஆமென் சொல்லும்வரை நின்றார்களாம். அதன் பிறகுதான் மண் போட்டார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, அத்தனை பிள்ளைகளை நாங்கள் இழந்த பிறகு, நான் முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பக்கம் துணி வாங்கக்கூடப் போகவில்லை. கல்லடியில் இருந்து எவ்வளவு தூரம்? ஆனாலும் மனம் வரவில்லை. யாரோ செய்த பாவத்தை ஒரு ஊரின் தலையிலேயே போட்டு வைத்திருந்தேன். என் புருசனுக்கு நான் போட வேண்டிய பிடி மண்ணை அந்தச் சகோதரர்கள் போட்டார்கள். என்னை மன்னியுங்கள். உங்களுக்கு என் நன்றி.

அடுத்தது எங்கள் சபையின் மாதர் சங்கத்து அக்காவுக்கு. வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழந்தாளில் நின்றால் கோபம்தான் வந்தது. அக்கா ஒவ்வொரு நாளும் பின்னேரம் 7 மணிக்கு போன் எடுப்பார். சுகம் கேட்க மாட்டார், புத்தி சொல்ல மாட்டார், 'எல்லாம் நன்மைக்கே' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு சங்கீதம் வாசிப்பார். "சரி மகள், நாளைக்கு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவார். போனைத் தலையணையில் போட்டுவிட்டு நான் சுவரைப் பார்த்துக் கிடப்பேன். அழுகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அதற்காக அவர் வாசிப்பை நிறுத்தியதில்லை. எனக்குப் பதிலாக என் விசுவாசத்தை அவர்தான் கொஞ்ச நாள் சுமந்தார் என்று இப்போது விளங்குகிறது.

2022 எல்லோருக்கும் தெரிந்த வருசம். கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் வரிசை, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட மின்வெட்டு. அவருடைய ஓட்டோவை லீசிங்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அதைப் பற்றி இனிப் பேசவில்லை. நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடத் தொடங்கினேன். விறகு தந்தது பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம். தங்கள் வளவில் விழுந்த தென்னோலையும் பாளையும் பொச்சுமட்டையும் கட்டி, விடிய முதல் வேலியோரம் வைத்துவிடுவார்கள். அந்த அடுப்பில்தான் என் இரண்டு பிள்ளைகளின் படிப்பு நின்றது.

ஒரு இருட்டு நேரத்தில் அக்கா சாறிபாத் ஊர் விதவையின் கதையை வாசித்தார். பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் வைத்திருந்தவள். மா குறையவில்லை என்கிற இடம் எனக்குச் சின்னதில் இருந்தே தெரியும். அன்றைக்கு என்னைப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற இடம். மகன் செத்ததும் அவள் எலியா தீர்க்கதரிசியிடமே நேருக்கு நேர் கோபமாய்க் கேட்கிறாள். எலியா அவளைக் கண்டிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போய், தானும் கர்த்தரிடம் அதையே முறையிடுகிறான். அவள் இஸ்ரவேல்காரிகூட இல்லை, சீதோன் நாட்டுக்காரி. அந்தக் குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் நான் மாதக் கணக்குக்குப் பிறகு வாய் திறந்து ஜெபித்தேன். முதலில் சண்டைதான் பிடித்தேன். கர்த்தர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று முழுமனதாய் நம்புகிறேன்.

போதகரம்மாவுக்கும் நன்றி. சபையில் ஒரு கலியாணம். தாலி இழந்தவள் முன்னுக்கு நிற்கக் கூடாதென்று நானாகவே கடைசி வாங்கில் ஒதுங்கி இருந்தேன். நேரே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், வேதபாடம் வாசிக்க வைத்தார். மணப்பெண்ணின் தாயும் சிரித்த முகத்தோடு தலையாட்டினார். கேற்றில் சோற்றுப் பார்சல் தொங்கவிட்டவர்கள், வாங்கிய இடியப்பத்துக்கு மிச்சக் காசு கேட்காத கடைக்காரர்கள், பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கித் தந்த ஆசிரியர், எல்லோருக்கும் நன்றி.

பிறகு சூடுபத்தினசேனைக்குப் போய் அவருடைய இடத்தையும் பார்த்தேன். வழி காட்டியவரிடம், அன்றைக்கு ஜெபம் முடியும்வரை நின்ற அந்த முஸ்லிம் பெரியவர், அந்தக் காக்கா (அண்ணன்) யார் என்று விசாரித்தேன். அவருக்கும் தெரியவில்லை. காக்கா, இந்த மடல் உங்கள் கண்ணில் பட்டால், அல்லது யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால், ஒரு சொல் அனுப்புங்கள். ஆகஸ்ட் கடைசியில் பிள்ளைகளோடு அங்கே வருவேன். உங்கள் கையால் ஒரு தேத்தண்ணியாவது வாங்கிக் குடிக்க வேண்டும், என் கையால் அவித்த இடியப்பம் தர வேண்டும்.

நன்றியுடன்,
அவருடைய மனைவியும் பிள்ளைகளும்
கல்லடி, மட்டக்களப்பு